இப்படிக்கு, ஒரு பயணி

எதுக்கு அண்ணாச்சி அந்த போனை இப்படித் தேய்க்கீங்க? திருநெல்வேலி எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்னுதான பாக்கீங்க? பன்னெண்டே கால். ஆலங்குளத்துல ரெண்டு நிமிஷம் நிப்பாட்டுவான். டிரைவர் டீ குடிச்சா அஞ்சு. உமக்கு எப்படித் தெரியும்னு கேக்கீங்களா? கேக்கல. சரி, கேக்காட்டியும் சொல்லுதேன், இன்னும் ஒரு மணி நேரம் கிடக்குல்லா.

நான் கோமதிநாயகம். பனையடிக்குளத்துல ஜெராக்ஸ் கடை. ஆனா அது பொழப்புக்கு. என்னைய சுத்துவட்டாரத்துல தெரியுதது வேற ஒண்ணால. ‘பஸ் எப்போ’ன்னு ஒரு வெப்சைட்டு. கேள்விப்பட்டதில்லையா? தென்காசியில இருந்து சங்கரன்கோயில் வரைக்கும் எந்த ஊருல எந்த பஸ்ஸு எத்தனை மணிக்கு வரும், மினி பஸ்ஸு உட்பட, அம்புட்டும் அதுல இருக்கு. நானே ஆரம்பிச்சு, நானே எழுதி, நானே ரிப்பேர் பாக்குத சைட்டு. ஒரு கம்பெனிக்காரன் கோட்டு போட்டு வந்தான், நாங்க பாத்துக்கிடுதோம்னு. எம் பிள்ளைக்கு நான் சோறூட்டிக்கிடுதேன், நீ போயிட்டு வான்னுட்டேன். எல்லாம் நானே. அதை மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க.

எங்க வீட்டுல, பேரு உலகம்மை, சுரண்டையில ஒரு பள்ளிக்கூட ஆபீஸ்ல வேலை பாக்கா. பதினாறு வருஷமா கம்ப்யூட்டர்லதான் வேலை. மார்க்கு ஏத்துவா, லிஸ்டு எடுப்பா. பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு சைட்டு இருக்கு, அதையும் அவதான் பாத்துக்கிடுதான்னு ஹெட்மாஸ்டர் ஒரு தடவை சொன்னாரு. ஆனா அது டைப்படிக்கிற வேலைதான அண்ணாச்சி. நான் செய்யது டெக்னிக்கல். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்லா. நான் அவகிட்ட அதையெல்லாம் பெருசா விளக்கிக்கிட்டு இருக்கதில்ல. வேலைக்குப் போயிட்டு களைச்சு வாரவகிட்ட எதுக்கு?

போன ஆனி மாசம்தான் வினை வந்துச்சு. சாரல் ஆரம்பிச்சு குற்றாலத்துக்குக் கூட்டம் கிளம்பிட்டு. சைட்டுக்கு ஒரு நாளைக்கு நாலாயிரம் பேரு வந்து விழுதாங்க. சைட்டு முக்குது, முனங்குது, பக்கம் தொறக்க அரை நிமிஷம் ஆகுது. வேகமா ஓடட்டும்னு ஒரு பிளகின் போட்டேன். பிளகின்னா ஒண்ணுமில்ல, பைக் வாங்கின பிறகு கேரியர், சைடு பாக்ஸுன்னு தனியா மாட்டுவோம்லா, அது மாதிரி சைட்டுல மாட்டுதது. போட்டதும் பறந்துச்சு. நானே அசந்துட்டேன்.

அதுக்கு அடுத்த வாரம் மினி பஸ் டிரைவர் அந்தோணி போன் போட்டான். “அண்ணாச்சி, சாயங்காலம் சுரண்டையில இருந்து பனையடிக்குளத்துக்கு ஆறு பத்துக்கு எடுப்போம்லா, இன்னையில இருந்து அஞ்சு அம்பது”ன்னான். எங்க ஊருக்கு அதுதான் கடைசி பஸ்ஸு. உடனே மாத்திட்டேன். காலையில பதினோரு மணி. என் போன்லயும் பாத்தேன். அஞ்சு அம்பதுன்னு பளிச்சுன்னு இருக்கு.

அன்னைக்குப் பாத்து நல்ல மழை. உலகம்மை ஆறரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துருவா. ஏழு ஆச்சு, ஏழே முக்கால் ஆச்சு, காணோம். எட்டு மணிக்கு நனைஞ்ச கோழி மாதிரி வந்து வாசல்ல நிக்கா. வேற ஊரு பஸ்ஸுல ஏறி, ரோடு பிரியுத விலக்குல இறங்கி மூணு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கா.

“என்ன உலகம்மா, இம்புட்டு நேரம்?”

“ஆறு பத்து பஸ்ஸுக்கு நின்னேன்.”

“அதை மாத்தியாச்சே! அஞ்சு அம்பது. காலையிலயே மாத்திட்டேனே!”

“மாத்தினா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?”

“சைட்டுல போட்டாச்சே! நீ பாக்கல?”

“பாத்துத்தான் நின்னேன்”ன்னு போனை எடுத்துக் காட்டினா. பையில இருந்த போனு, அதுவும் நனைஞ்சிருந்துச்சு. பாத்தா ஆறு பத்துன்னு இருக்கு. நான் என் போனைக் காட்டினேன். அஞ்சு அம்பது.

“பாத்தியா? உன் போன்ல கோளாறு”ன்னேன்.

அவ தலையைத் துவட்டிக்கிட்டே, “உங்களுக்கு மட்டும் எல்லாம் சரியாத் தெரியுது”ன்னா. நான் பாராட்டுதாக்கும்னு நினைச்சேன்.

நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும். ஏன் வண்டி எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வரலன்னுதான? போன் அடிச்சிருக்கா. நாலு தடவை. நான் அந்த நேரத்துல ஒருத்தருக்கு சங்கரன்கோயில் பஸ் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஊருக்குன்னு ஒரு சேவையில உக்காந்துட்டா பாதியில வைக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.

மறுநாள்ல இருந்து புகார். “ஏம்யா, பஸ்ஸு போயிட்டு”, “உம்ம சைட்ட நம்பி நின்னேன்”, “எங்க அத்தை ரோட்டுல நிக்கா.” நான் ஒவ்வொருத்தருக்கும் பொறுமையாச் சொன்னேன், போனை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க சரியாயிரும்னு. ஒருத்தர் மூணு தடவை அணைச்சுப் போட்டுட்டு கெட்ட வார்த்தை சொன்னாரு. நான் என் போனைப் பாக்கேன், சரியா இருக்கு. மறுபடியும் பாக்கேன், சரியா இருக்கு. ஊருல இருக்க எல்லா போன்லயும் ஒரே நேரத்துல கோளாறு வரும்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. மழைக்காலம், ஈரம் இறங்கியிருக்கும்னு நினைச்சேன்.

வீட்டுல உலகம்மை பேச்சைக் குறைச்சுட்டா. ஒரு நாள் சாப்பாடு போடும்போது, “கேஷை க்ளியர் பண்ணினீங்களா?”ன்னு கேட்டா.

“கல்லாவுல ஒண்ணும் பெருசா இல்லம்மா, எதும் வாங்கணுமா?”ன்னேன்.

என்னைய ஒரு பார்வை பாத்துட்டு ரசத்தை ஊத்திட்டுப் போயிட்டா. பொம்பளைங்க மனசுல என்ன நினைக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?

அப்புறம் ஒரு நாள் டோனர் வாங்க சுரண்டைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுல சேர்மக்கனின்னு ஒரு பொம்பளை, பழக்கடை வச்சிருக்கா. கடை முன்னால ஒரே கூட்டம். ஆப்பிள் எதும் மலிவா விக்காளோன்னு எட்டிப் பாத்தா, ஒரு சிலேட்டு! ஸ்கூல் பிள்ளைங்க சிலேட்டு இல்ல, பெருசு. அதுல சாக்பீஸால ஊர் ஊரா எழுதிப் போட்டிருக்கா. ‘பனையடிக்குளம் 5.50.’ சனங்க அதை போன்ல போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. போன்ல சைட்டு இருக்கு அண்ணாச்சி, அதே போன்ல சிலேட்டைப் போட்டோ எடுக்காங்க! எனக்கு எப்படி இருக்கும்?

“ஏம்மா, வெப்சைட்டு இருக்கும்போது சிலேட்டு எதுக்கு?”ன்னு கேட்டேன்.

அவ ஈ ஓட்டிக்கிட்டே, “பஸ்ஸு என் கண்ணு முன்னாலதான போவுது அண்ணாச்சி. நான் அதைப் பாத்து எழுதுதேன். நீங்க எதைப் பாத்து எழுதுதீங்க?”ன்னா.

“நான் டிரைவர்கிட்ட கேட்டு எழுதுதேன். முறையா.”

“அப்போ ஏன் தப்பா இருக்கு?”

“தப்பா இல்ல. இந்தா பாரு”ன்னு என் போனைக் காட்டினேன். பக்கத்துல நின்ன நாலஞ்சு பேரும் அவங்கவங்க போனைக் காட்டினாங்க. நான் எல்லாருகிட்டயும் அணைச்சுப் போடச் சொன்னேன். சிரிக்காங்க. நான் கொஞ்சம் குரலை உசத்திட்டேன். “சிலேட்டுல எழுதுததுக்கு உனக்கு யாரு அனுமதி குடுத்தா? சாக்பீஸு எங்க இருந்து வருது?”ன்னுட்டேன். கோவத்துல வந்த கேள்விதான், வேற அர்த்தமில்ல.

அதுக்கு அவ, “உங்க வீட்டு அக்காதான் ஒரு டப்பா குடுத்தாங்க. பஸ்ஸுக்கு நிக்கும்போது அவங்கதான் இந்த யோசனையும் சொன்னாங்க”ன்னா.

நான் டோனரையும் வாங்காம பஸ் ஏறிட்டேன். என் வீட்டுக்காரி. என் சைட்டுக்கு எதிரா. சாக்பீஸ் டப்பா.

ரெண்டு நாள் அவகூட பேசல. அவளும் நான் பேசாததைக் கவனிச்ச மாதிரித் தெரியல. மூணாவது நாள், சரி, எல்லாருக்கும் நான் யாருன்னு காட்டுதேன்னு உக்காந்தேன். சைட்டுல அப்டேட்டுன்னு சிவப்பாப் பதினேழுன்னு ஒரு நம்பர் நிக்கும். நான் அதைத் தொடுததே இல்ல. அன்னைக்கு அம்புட்டையும் ஒரே அமுக்கா அமுக்கினேன். புதுசா ரெண்டு பிளகினும் மாட்டினேன். சைட்டு ஒரு சுத்து சுத்திச்சு. அப்புறம் வெள்ளை. வெள்ளைன்னா வெள்ளை, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி. ஒரு எழுத்து இல்ல, ஒரு படம் இல்ல. என்னமும் தப்புன்னாவது சொல்லணும்லா? அதுவும் சொல்லல. என் போன்லயும் வெள்ளை. மொத தடவையா என் போனும் ஊர் போனும் ஒண்ணாயிட்டு.

மூணு நாள். சோறு இறங்கல. நான் காட்டாத வித்தை இல்ல. கம்ப்யூட்டரை அணைச்சேன், போட்டேன். நெட்டு டப்பாவைக் கழட்டி மாட்டினேன். சைட்டுக்கு இடம் வாடகைக்குக் குடுத்த கம்பெனி ஹெல்ப்லைன்ல ஒரு பொண்ணு நல்ல மரியாதையா, “காத்திருங்கள்”னு சொல்லிட்டு பாட்டுப் போட்டா.

மூணாவது நாள் சாயங்காலம் உலகம்மை தரையில உக்காந்து வெண்டைக்காய் நறுக்கிட்டு இருந்தா. யாருகிட்டயோ சொல்லுத மாதிரி, “கடைசியா என்ன போட்டோமோ அதை எடுத்துப் பாக்கணும். உள்ள போக முடியலன்னா, புதுசா மாட்டின பிளகின் கிடக்க போல்டர் பேரை மட்டும் மாத்தி வச்சா அது தானா நின்னுரும். அப்புறம் ஒண்ணொண்ணா போடலாம்” அப்படின்னு என்னமோ முணுமுணுத்தா. நான் யோசனையில இருந்தேன், காதுல சரியா விழல. அப்படியே வெண்டைக்காயைப் பாத்துக்கிட்டே இருக்கும்போது, அண்ணாச்சி, சடார்னு எனக்கா ஒண்ணு தோணிச்சு. கடைசியாப் போட்டதை எடுத்துப் பாத்தா என்ன? அந்த போல்டர் பேரை மாத்திப் பாத்தா என்ன?

மாத்தினேன். வந்துட்டு! கத்தினேன் பாருங்க, பக்கத்து வீட்டுல பால்காரர் செம்பைக் கீழ போட்டுட்டாரு. “உலகம்மா, கண்டுபிடிச்சுட்டேன்!”

“அப்படியா?”ன்னா. ஒரு வெண்டைக்காய் முத்தல், அதைத் தூரப் போட்டா.

ஆனா பாத்துக்கிடுங்க, ஒரு சந்தோஷம் முழுசா நிக்காது. சைட்டு வந்துட்டு, நான் வெளிய கிடக்கேன். உள்ள போக பாஸ்வேர்டு கேக்குது. ஒரு வருஷமா நான் வெளிய வந்ததே இல்லையே, எப்பவும் உள்ளயேதான இருந்தேன். பாஸ்வேர்டு என்னன்னா, அவ பேரும் எங்க கல்யாணத் தேதியும். ஆசையா வச்சது. போட்டேன். தப்புன்னு சொல்லுது. மறுபடி போட்டேன். தப்பு.

“ஏ உலகம்மா, நம்ம கல்யாணம் ஆகஸ்டு பத்தொன்பதுலா?”

அடுப்படியில ஒரு பாத்திரம் டங்குன்னு விழுந்துச்சு.

“இருபத்தொன்பது”ன்னா.

அதுக்குள்ள நான் மூணாவது தடவையும் பத்தொன்பதைப் போட்டுட்டேன். சைட்டு பூட்டிக்கிட்டு. திருடன் மூணு தடவை தப்பாப் போட்டா இருபத்துநாலு மணி நேரம் பூட்டிக்கிடணும்னு ஒரு பாதுகாப்பு பிளகின், அதையும் நானேதான் மாட்டியிருந்தேன். அருமையா வேலை செஞ்சுது. பத்து நாள் வித்தியாசம் ஒரு தப்பா அண்ணாச்சி? மாசம் சரிதான?

சரி, ஒரு நாள் வெளிய இருந்துட்டுப் போவோம்னு, மறுநாள் கடையில பொழுது போகாம, என் சைட்டை நானே சும்மா தொறந்தேன். எல்லாரும் தொறக்க மாதிரி. பனையடிக்குளம் போட்டேன்.

ஆறு பத்து.

போனை அணைச்சுப் போட்டேன். ஆறு பத்து. பக்கத்துக் கடை டெய்லர் போனை வாங்கிப் பாத்தேன். ஆறு பத்து. ஊருக்கு அணைச்சுப் போடச் சொன்ன வாயி, இப்போ நானே நாலு தடவை அணைச்சுப் போடுதேன். ஆறு பத்து, ஆறு பத்து.

அன்னைக்குக் கடையைச் சீக்கிரமா மூடிட்டேன். டெய்லர் என்னன்னு கேட்டாரு, தலைவலின்னேன். வீட்டுக்கு வந்து சேர்ல உக்காந்தா வாசப்படி கண்ணுல படுது. அந்த மழையில அவ நின்ன இடம்.  அவ காப்பி வச்சுட்டுப் போனா.

அதுக்கு மறுநாள் பாத்தா பூட்டு தொறந்திருந்துச்சு. இருபத்தொன்பது போட்டு உள்ள போனேன். எங்க தொடங்கதுன்னு தெரியாம அங்கன இங்கன தட்டிக்கிட்டு இருக்கும்போது, கமெண்ட்டுன்னு ஒரு இடம். முந்நூத்தி நாப்பது காத்திருக்குன்னு போட்டிருக்கு. நான் அதைத் தொறக்கவே மாட்டேன். எல்லாம் வெளிநாட்டுக்காரன் முடி வளரதுக்கும் உடம்பு குறையதுக்கும் மருந்து விக்கிற சமாசாரமா இருக்கும்னு விட்டுட்டேன். அன்னைக்குத் தொறந்தேன். முடி மருந்துக்கு நடுவுல மனுஷங்க நிக்காங்க அண்ணாச்சி. “அண்ணே, ஆறு பத்து பஸ் வரல”, “சார், பாருங்க”, “எங்க அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக உங்க சைட்டுதான் உதவிச்சு, நன்றி.” இதெல்லாம் நாள்கணக்கா அங்க நின்னுட்டு இருக்கு, நான் கதவைத் தொறக்காம.

அதுல ஒருத்தர். பதினோரு கடிதம் எழுதியிருக்காரு. கடிதம்னுதான் சொல்லணும், அவ்வளவு மரியாதை. மொதல்ல எழுதினது எனக்கு மனப்பாடம். “மதிப்பிற்குரிய ஐயா, நேற்று மாலை தங்கள் இணையதளத்தை நம்பிச் சுரண்டைப் பேருந்து நிலையத்தில் காத்திருந்தேன். பேருந்து 5.50-க்கே போய்விட்டது. தயவுசெய்து சரிபார்க்கவும். இப்படிக்கு, ஒரு பயணி.” பேரு இல்ல, ஊரு இல்ல. தேதி பாத்தேன், அந்த மழை பெஞ்ச நாளுக்கு மறுநாள் காலையில அஞ்சே முக்கால். பாவம், அவரும் அன்னைக்கு நனைஞ்சிருப்பாரு போல.

நாலாவது கடிதம்: “ஐயா, நீங்கள் உள்ளே இருந்தபடி பார்ப்பதால் உங்களுக்கு மட்டும் புதிய பக்கம் தெரிகிறது. வெளியில் நிற்பவர்களுக்குப் பழைய பக்கமே தெரிகிறது. ஒருமுறை வெளியே வந்து பாருங்கள்.”

ஏழாவது: “ஐயா, வேகத்துக்காகப் போட்ட பிளகின், பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அதையே எல்லாருக்கும் காட்டுகிறது. அதற்கு கேஷ் என்று பெயர். கேஷ் என்றால் கல்லாப் பணம் அல்ல.”

பாத்தீங்களா! எனக்கு என்ன சந்தேகம் வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சு எழுதுதாரு. அதுக்குப் பேருதான் அனுபவம். ரிட்டயர்டு என்ஜினீயரா இருக்கும்னு நினைக்கேன். சொன்ன பொத்தானை அமுக்கினேன். ஒரே ஒரு பொத்தான் அண்ணாச்சி. டெய்லர் போனைப் பிடுங்கிப் பாத்தேன். அஞ்சு அம்பது.

அப்புறம் நான் பதில் போட்டேன், “ஐயா, தாங்கள் யார்?”னு. மறுநாள் வெள்ளன, “அது முக்கியமல்ல ஐயா. உங்கள் தளத்தில் பல பக்கங்கள் திறக்கவில்லை, கவனிக்கவும்”னு வந்துச்சு. பாத்தா, நான் பக்கங்களுக்கு அழகாப் பேரு மாத்தினேன்லா, பழைய பேருல வாரவங்களுக்கெல்லாம் 404, அப்படி ஒரு பக்கம் இல்லன்னு காட்டியிருக்கு. பழைய பேருல இருந்து புதுப் பேருக்கு எப்படித் திருப்பி விடுததுன்னு ஒவ்வொரு படியா எழுதினாரு. அடுத்து, சைட்டைத் தொறந்தா ‘பாதுகாப்பற்றது’ன்னு காட்டுதுன்னாரு. சைட்டோட பாதுகாப்புச் சான்றிதழ் தேதி முடிஞ்சிருந்துச்சு, புதுப்பிச்சேன். எல்லாத்துக்கும் முன்னால ஒரு நகல் எடுத்து வைக்கணும்னு நாலு தடவை எழுதினாரு. ஒரு தடவை, “இதை அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். சாப்பிட்டுவிட்டுச் செய்யவும்”னு வந்துச்சு. உண்மையிலயே அன்னைக்கு நான் சாப்பிடாமதான் உக்காந்திருந்தேன்! நல்ல மனுஷங்களுக்கு அப்படி ஒரு உள்ளுணர்வு இருக்கும் போல.

“பழக்கடைப் பெண்மணியிடம் வருத்தம் தெரிவிக்கவும்”னு ஒரு நாள் வந்துச்சு. அதை மட்டும் எனக்குச் செய்ய மனசில்ல. ஆனா அவரு சொல்லிட்டாருல்லா. போனேன். சேர்மக்கனிகிட்ட, அன்னைக்குக் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்மான்னேன். அவ ஒரு சீப்பு பழத்தை எடுத்துக் கையில குடுத்துட்டு, “தென்காசி பஸ்ஸு ஒண்ணு நேத்துல இருந்து பத்து நிமிஷம் முன்னால போவுது, எழுதிக்கிடுங்க”ன்னா. இப்போ தினமும் காலையில அவளுக்கு ஒரு போன். அவ சொல்ல, நான் ஏத்த.

இதெல்லாம் உலகம்மைகிட்ட சொன்னேன். “பயணி பயணின்னு ஒருத்தர், என்னா அறிவு தெரியுமா, உன்னை மாதிரி ஆளுங்க அவருகிட்ட பாடம் கேக்கணும்”னேன். அவ சேலைத்தலைப்பை வாயில வச்சுக்கிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. இருமல் போல.

ஆவணி பொறந்து ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு மனசு என்னமோ ஒரு மாதிரி இருந்துச்சு. அவருக்குத்தான் எழுதினேன். முகம் தெரியாத ஆளுகிட்ட எழுதுதது லேசா இருக்கும்லா. “ஐயா, சைட்டில் உள்ள தவறுகளை நீங்கள் திருத்தினீர்கள். ஒன்று உங்களுக்குத் தெரியாது. அன்று மழையில் என் மனைவியும் அதே பேருந்துக்கு நின்றாள். நான்கு முறை அழைத்தாள். நான் எடுக்கவில்லை. மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தவளிடம், உன் போனில் கோளாறு என்று சொன்னேன். அவள் சொன்னது சரி. அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.” இப்படித்தான் எழுதினேன். எழுதி அனுப்பிட்டேன்.

ரெண்டு நாளா பதில் இல்ல. நான் தப்பா எதும் எழுதிட்டேனோன்னு பயந்துட்டேன். ஆனா வீட்டுல பாருங்க, மறுநாள் உலகம்மை சொதி வச்சிருக்கா. தேங்காய்ப்பால் எடுத்து, இஞ்சித் துவையல் அரைச்சு, வேலை நாள்ல! எங்க பக்கம் கல்யாண வீட்டுக்கு மறுநாள் வைப்போம்லா, அது. “என்ன விசேஷம்?”னு கேட்டேன். “ஒண்ணுமில்ல. முருங்கைக்காய் கிடந்துச்சு”ன்னா. எதிர்ல உக்காந்து நான் சாப்பிடுததைப் பாத்துக்கிட்டே இருந்தா. கண்ணு கொஞ்சம் கலங்கின மாதிரி இருந்துச்சு. இஞ்சி காரமா இருந்திருக்கும்.

மூணாவது நாள் அவருகிட்ட இருந்து பதில். ஒரே வரி. “சொல்லிவிட்டீர்கள் ஐயா, அது போதும்.”

நல்லா இருக்குல்லா? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா இப்ப வந்திருக்கு பாருங்க ஒரு புதுப் பிழை, அதுக்காகத்தான் திருநெல்வேலிக்கே போறேன். சைட்டுல கமெண்ட்டு போடுத ஒவ்வொருத்தருக்கும் கீழ சின்னதா ஒரு நம்பர் காட்டும். எந்த இடத்து நெட்டுல இருந்து எழுதுதாங்களோ அந்த நெட்டு நம்பர். வீட்டு டோர் நம்பர் மாதிரின்னு வைங்க. பயணிக்கு ஒரு பொன்னாடை போத்தணும்னு எனக்கு ஆசை. சரி, நம்பரை வச்சு எந்த ஊருன்னாவது பாப்போம்னு தேடினேன். பயணியோட நம்பரும் எங்க வீட்டு நம்பரும் ஒண்ணு! ஒரு எண்ணு மாறல. எங்க வீட்டுல நானும் அவளும் மட்டும்தான், மக காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா. அப்போ என்ன அர்த்தம்? நெட்டு குடுத்தவங்க எங்க வீட்டு நம்பரை இன்னொரு ஆளுக்கும் சேத்துக் குடுத்துட்டாங்க. ஆபீஸ்ல போய் ரெண்டுல ஒண்ணு கேக்காம விடப்போறதில்ல.

உலகம்மைகிட்ட சொன்னேன். அவ திடுக்குன்னு ஆயிட்டா. “அங்கெல்லாம் போய்க் கேக்காதீங்க, சிரிப்பாங்க. ஒரு பிழை இருந்துட்டுப் போகட்டுமே”ன்னா. டெக்னிக்கல் விஷயத்துல அப்படி விட முடியுமா? இன்னைக்கு அவளுக்கு லீவு, வாசல் வரைக்கும் வந்து மறிச்சுப் பாத்தா. நான் கிளம்பிட்டேன்.

ஒரு நிமிஷம். போன்ல சத்தம் வந்துச்சுல்லா? அது கமெண்ட்டு வந்தா அடிக்கிற மணி. இந்நேரத்துக்கு அவரு எழுதமாட்டாரே... பயணிதான்! அண்ணாச்சி, எழுத்து பொடிசா இருக்கு, கொஞ்சம் வாசிங்க. சத்தமா வாசிங்க.

“ஐயா, கண்ணாடியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். இறங்கும்போது படி பார்த்து இறங்கவும். இப்படிக்கு, ஒரு பயணி.”

அட! சட்டைப்பையில இல்லையே. ஆமா, இல்ல. என்னா கரிசனம் பாத்தீங்களா? ஆனா நான் கண்ணாடி போடாம இருக்கது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? என்னையப் பாத்தாத்தான தெரியும்?

ஏன் அண்ணாச்சி சிரிக்கீங்க? சிரிக்காதீங்க, விஷயம் புரியல உங்களுக்கு. பாத்துக்கிட்டு இருக்காரு! இந்த பஸ்ஸுக்குள்ளயேதான் எங்கயோ இருக்காரு! கொஞ்சம் காலை மடக்குங்க, நான் எந்திரிச்சுக்கிடுதேன்.

கண்டக்டர் தம்பி, ஒரு நிமிஷம் விசில் அடிக்காதீங்க. எல்லாரும் கொஞ்சம் இங்க திரும்புங்க. இந்த பஸ்ல யாருங்க பயணி?